மேட்னி ஷோவில் ஒரு குரல்

"அந்தப் படத்துக்கு இந்த வூட்லேர்ந்து யாரும் போவக்கூடாது. சொல்லிட்டேன்."

பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளிவிட்டு ஆதிலட்சுமி இப்படிச் சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது. ஏன் என்று அவளும் சொல்லவில்லை. கேட்கிற தைரியம், சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்து ஊரின் அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை.

மருமகள் இளவேனிலுக்கு அந்த ஒரு வாரமாகத் தூக்கமே சரியில்லை. மாமியார் இதுவரை அவளை எதற்கும் தடுத்தவள் இல்லை. பட்டாளத்தில் இருந்த கணவன் இளம்பரிதி எல்லைச் சண்டையில் செத்து, சீல் வைத்த பெட்டியில் வீடு வந்து சேர்ந்து இரண்டு வருஷம். அந்தப் பெட்டி வந்த மாதமே, "எம் புள்ள போனதுக்கு நீ எதுக்குடி வெளுத்துப்போய் நிக்கிற?" என்று தன் கையாலேயே மருமகளுக்குக் கலர் புடவை எடுத்துக் கொடுத்தவள் ஆதிலட்சுமி. டவுன்ஷிப்பில் நர்சரி ஸ்கூல் வேலைக்கு அனுப்பி வைத்ததும் அவள்தான். அப்படிப்பட்டவள் ஒரு சினிமா பேரைக் கேட்டு ஏன் இப்படி நடுங்கிப் போனாள்?

இன்னொன்றும் இளவேனிலின் மனசை அரித்துக்கொண்டிருந்தது. இந்த வாரம் முழுக்க மத்தியானம் ஆனால் மாமியார் வீட்டில் இல்லை. இரண்டு நாள் திரும்பி வரவே ராத்திரி ஆகிவிட்டது. சேத்தியாத்தோப்பில் யாரோ வைத்தியரிடம் முட்டிக்கு எண்ணெய்க் கட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். திரும்பி வரும்போது அவளிடம் எண்ணெய் வாசனையே இல்லை. கண் மட்டும் வீங்கியிருக்கிறது. கூப்பிட்டால் உடனே திரும்புவதும் இல்லை. வேறு எங்கோ போய்விட்ட ஆள், மெல்ல நினைவு வந்து திரும்புகிற மாதிரி திரும்புகிறாள்.

சனிக்கிழமை ஸ்கூல் அரை நாள். கேட்டுக்கு வெளியே நாத்தனார் இசைப்பிரியா ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறவள். வேண்டாம் என்று சொன்னதைத்தான் முதலில் செய்வாள்.

"ஏறுங்க அண்ணி. மேட்னிக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"ஐயோ! அத்தைக்குத் தெரிஞ்சா?"

"அம்மா அப்பவே பஸ் ஏறப் போயிட்டாங்க. அப்பாவுக்கு மைன்ஸ்ல செகண்ட் ஷிஃப்ட். யாருக்குத் தெரியப்போவுது?"

இளவேனில் தயங்கினாள்.

"நிஜமாவே சண்டையில இருந்தவங்க சொன்னத வச்சே எடுத்த படமாம் அண்ணி. பாட்டு கூட கிடையாதாம். எங்கண்ணன் எப்படிப்பட்ட எடத்துல இருந்துச்சுன்னு எனக்குப் பாக்கணும். உங்களுக்கு வேணாமா?"

வேண்டும். அதுதான் உண்மை. "காலையிலேயே நடந்துடுச்சு. ஒரு நொடிதாம்மா. வலியே தெரிஞ்சிருக்காது," என்று பெட்டியோடு வந்த அதிகாரி அன்பாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த ஒரு நொடி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்தே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஏறி உட்கார்ந்தாள்.

பங்குனி வெயிலிலிருந்து தியேட்டருக்குள் நுழைந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஏசி குளிரில் பழைய சீட்டுத் துணியின் வாடை. கூட்டமே இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த கான்ட்ராக்ட் பையன்கள் சிலர் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில், முன் வரிசையில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை தனியாக.

'இது அங்கே இருந்தவர்களின் நினைவிலிருந்து எடுக்கப்பட்டது. பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன' என்று திரையில் எழுத்து வந்தது. அவ்வளவுதான், படம் தொடங்கிவிட்டது.

ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மலையோரக் கிராமம். ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு வீடு. உள்ளே சில சிப்பாய்கள். ஒருவன் டீ குடிக்கிறான். ஒருவன் ஷூ லேசை அவிழ்த்துக் கட்டுகிறான். யாரும் வசனம் பேசவில்லை. எங்கோ ஒரு நாய், சுவர்க் கடிகாரம், மூச்சு விடுகிற சத்தம். அந்த மூச்சு தியேட்டரின் பக்கச் சுவர்களிலிருந்து வந்ததால், சீட்டுக்குப் பின்னால் யாரோ குனிந்து நிற்பது மாதிரியே இருந்தது. இளவேனில் ஒரு தடவை திரும்பியே பார்த்துவிட்டாள். பின் சீட்டில் யாரும் இல்லை.

அடுத்த கணம் குண்டு விழுந்தது.

கான்ட்ராக்ட் பையன்களில் ஒருவன் "அம்மா!" என்று கத்தினான். திரை முழுக்கப் புழுதி. புழுதி அடங்கியபோது நெட்டையான ஒரு சிப்பாய் தரையில் கிடந்தான். கூட இருந்தவர்கள் 'தமிழு' என்று கூப்பிட்டார்கள். இடுப்புக்குக் கீழே பார்க்கிற மாதிரி இல்லை. அவனை ஒரு மூலைக்கு இழுத்துப் போட்டுவிட்டு மற்றவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். காலில் அடிபட்ட இன்னொரு சின்ன வயசுச் சிப்பாய் மட்டும் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தான்.

மறுபடி ஒரு குண்டு. சுவர் அதிர்ந்து காரை கொட்டியது. சின்னவன் கிடுகிடுவென்று நடுங்கினான். தமிழு கண்ணைத் திறக்காமலேயே அவன் தலையில் கை வைத்தான்.

"ஒண்ணுமில்லடா. பூமி சோம்பல் முறிக்குது. நீ தூங்கு."

இசைப்பிரியாவின் நகம் இளவேனிலின் கையில் பதிந்தது.

சுரங்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் வடக்குத்து வீட்டின் சுவர் அதிரும், அடுக்கிய பாத்திரம் கிணுகிணுக்கும். கல்யாணமான புதிதில் இளவேனில் பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இளம்பரிதி கண்ணைத் திறக்காமல் அவள் தலையில் கை வைத்து இதைத்தான் சொல்வான். இதே வார்த்தை, இதே வரிசை. உலகத்தில் வேறு யார் வாயிலிருந்தும் அவள் அதைக் கேட்டதில்லை.

திரையில் இருந்த நடிகனின் முகத்துக்கும் இளம்பரிதிக்கும் துளிகூட ஒற்றுமை கிடையாது. ஆனால் அந்த உதட்டிலிருந்து வருவது அவள் புருஷனின் பேச்சு.

"அண்ணி... அது அண்ணன்..." இசைப்பிரியா அழ ஆரம்பித்திருந்தாள். "ஒரு நொடின்னாங்களே. இந்தக் காயத்துக்கு மணிக்கணக்கா நெனவு இருக்கும் அண்ணி. நான் படிக்கிறேன்ல, எனக்குத் தெரியும்."

திரையில் தமிழு கையை நீட்டி எதையோ துழாவிக்கொண்டிருந்தான். அந்த வீட்டுக்காரர்கள் அவசரத்தில் விட்டுப்போன செல்போன். எடுத்தான். ரத்தக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினான். காதருகே பிடிக்கத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரைப் போட்டு நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான்.

ரிங் போனது. தியேட்டர் முழுக்க அந்தச் சத்தம் மட்டும்தான்.

எடுத்தார்கள்.

"அலோ."

ஒரு பெண் குரல். தமிழுவின் முகம் மலர்ந்தது. அவன் பேசினான். அந்தப் பக்கம் கேட்கவில்லை.

"அலோ, யாருங்க? இரைச்சல்தான் கேக்குது. யாருன்னு சொல்லப் போறீங்களா இல்லியா? தெனம் இதே வேலையாப் போச்சு."

குரல் எந்த நடிகையுடையதோ. வார்த்தை இளவேனிலுடையது.

செய்தி வந்த அன்றைய மத்தியானம். அவளும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த நாட்களில் யாரோ ஒருவன் போன் செய்து பேசாமல் இருந்து தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தான். அவன்தான் என்று நினைத்தாள். காலையிலேயே இளம்பரிதி போய்விட்டான் என்று சாயங்காலம் சொன்னார்கள். அதனால் அந்த போனை அவள் மறுபடி நினைத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட.

திரையில், அந்தப் பெண் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. வயசான குரல்.

"வச்சிடும்மா. எவனாவது குடிச்சிட்டுப் பண்ணிகினு இருப்பான்."

"சரி, வைக்கறேன்."

"வைக்காத!"

இது படத்திலிருந்து வரவில்லை.

"வைக்காதடி! ஏ வேனிலு, வைக்காதடி! அவன்தான்டி அது!"

முன் வரிசையில் அந்தப் பொம்பளை எழுந்து நின்றிருந்தாள். திரை வெளிச்சத்தில் கன்னங்கரேலென்று ஓர் உருவம். தலையிலிருந்து முந்தானை நழுவியிருந்தது. இரண்டு கையையும் திரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

யாரும் பதறவில்லை. கதவோரம் டார்ச்சோடு நின்ற ஆள், பழகிப்போன குரலில், "உக்காரும்மா, உக்காரும்மா," என்றான்.

திரையில் லைன் கட்டானது. தமிழு மறுபடி அழுத்தினான். போகவில்லை. இளவேனிலுக்குத் தெரியும், போகாது. அன்றைக்கு அவள் அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

தமிழு கோபப்படவில்லை. சிரித்தான். பிறகு சின்னவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். ஆனால் அவன் முதுகுதான் தெரிந்தது. பேச்சுக்குச் சத்தமே இல்லை. சின்னவன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கு மேல் இளவேனில் அங்கே உட்காரவில்லை. இருட்டில் தட்டுத் தடுமாறி முன் வரிசைக்கு ஓடினாள். மாமியாரின் தோளைத் தொட்டாள்.

ஆதிலட்சுமி மெல்லத் திரும்பினாள். மருமகளைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியா," என்றாள். "கேட்டுட்டியா?"

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தூரத்தில் அனல் மின் நிலையத்துச் சிம்னி புகை விட்டுக்கொண்டிருந்தது. இசைப்பிரியா வாங்கி வந்த டீ யார் கையிலும் குறையவில்லை.

"பக்கத்து வூட்டு செங்கமலம்தான் மொதல்ல சொன்னா," என்றாள் ஆதிலட்சுமி. "ஒரு படத்துல ஒம் புள்ள மாதிரியே ஒருத்தன் பேசறான்னு. சும்மா பாப்போம்னு வந்தேன். போன் வர்ற எடத்துல அந்தப் பொண்ணு பேசுது பாரு, எனக்கு ஒடனே தெரிஞ்சி போச்சி. அப்பறம் எங்குரலும் வருது. நீ அத கேக்கக் கூடாதுன்னுதான் போவாதன்னேன். கேட்டா நீ உசுர வுட்டுடுவடி."

"போனை வச்சது நான் அத்த," என்றாள் இளவேனில். "மறுபடி அடிக்கறதுக்குள்ள பிளாக் பண்ணிட்டேன். அவரு மறுபடியும் அடிச்சிருக்காரு."

"நான்தான வைக்கச் சொன்னேன். நான் சொல்லாட்டி இன்னும் ரெண்டு தடவ அலோ அலோன்னு கேட்டிருப்ப. அது போதும் அவனுக்கு."

"அப்படின்னா எதுக்கும்மா தெனம் வந்து பாக்கற?" இசைப்பிரியா கத்தினாள். "செத்தவன மறுபடி மறுபடி..."

"சாவற வரைக்கும் அங்க அவன் மூச்சு வுட்டுகினு இருக்கான்ல." ஆதிலட்சுமி அமைதியாகச் சொன்னாள். "பெத்தவளுக்கு அது போதாதா? தெனமும் உக்காந்து பாப்பேன். இன்னிக்காவது அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் போன வைக்காம இருக்க மாட்டாளுங்களான்னு. சண்டாளிங்க, வச்சிடறாளுங்க."

இளவேனில் மாமியாரின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அது வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இசைப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, நம்ம வூட்டுல பேசினதெல்லாம் படக்காரங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மூலையில அண்ணன்கூட இருந்தது அந்தச் சின்னப் பையன் மட்டும்தானே?"

ஆதிலட்சுமி சுற்றும் முற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் இங்கதான் இருக்கான்."

"யாரு?"

"அந்தப் பையன்தான். ஒரு நாளு மேட்னி முடிஞ்சி எழுந்துக்க மனசில்லாம ஈவினிங் ஷோவுக்கும் உக்காந்துட்டேன். கடசி வரிசையில ஓரமா ஒருத்தன். லைட்டு அணைஞ்சப்பறம்தான் வந்தான். போன் எடத்துல எல்லாரும் தெரைய பாக்கறாங்க, அவன் மட்டும் ரெண்டு காதையும் பொத்திகினு குனிஞ்சிட்டான். லைட்டு போடறதுக்குள்ள பூட்டான். நடக்கறப்ப ஒரு காலு மட்டும் டொக்கு டொக்குனு சத்தம் வருது, நெசக் காலு இல்ல அது. பின்னாலயே ஓடினேன். எம் முட்டிய வச்சிகினு எங்க ஓடறது? மறுநாளும் வந்தான்."

இளவேனில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் போன அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. போன் போகவில்லை என்றதும் இளம்பரிதி கடைசியாகச் சொன்னது. அதைக் கேட்டவன் ஒருவன் உயிரோடு இருக்கிறான்.

"இசை, நீ வூட்டுக்குப் போ. ஆட்டைப் புடிச்சிக் கட்டணும், அப்பாவுக்குச் சோறு ஆக்கணும்," என்றாள்.

"நீங்க?"

"நானும் அத்தையும் அடுத்த ஷோ பாத்துட்டு வரோம்."

மேட்னியில் செத்தவன் ஈவினிங் ஷோவில் மறுபடி உயிரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசையில் இருந்து பார்த்தபோது திரை சின்னதாக, கிணற்றுக்குள் தெரிகிற வெளிச்சம் மாதிரி இருந்தது. அதே நாய் குரைத்தது. அதே சிப்பாய் லேசை அவிழ்த்தான். பக்கத்தில் ஆதிலட்சுமியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கணம் முன்னால் அவள் உடம்பு அதற்குத் தயாரானது. குண்டு விழுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். இளவேனிலுக்கு மாமியாரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

டொக்.

படிக்கட்டுப் பக்கம். டொக், டொக். டார்ச் வெளிச்சம்கூட இல்லாமல் ஓர் ஆள் வந்து வரிசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். தலையில் தொப்பி. காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

இளவேனில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 'பூமி சோம்பல் முறிக்குது' என்ற குரல் வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். தமிழுவின் கை போனைத் துழாவியது. ரிங் போக ஆரம்பித்தது. கோடியில் அந்த ஆள் குனிந்து காதைப் பொத்திக்கொண்டான்.

அவள் எழுந்தாள். காலிச் சீட்டுகளைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அவள் வார்த்தைகளை வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். லைன் கட்டான பிறகு அவன் காதிலிருந்து கையை எடுத்தான்.

"நான் இளவேனில்," என்றாள்.

அவன் திடுக்கிடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது. இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம்.

"தெரியுமுங்க அண்ணி," என்றான் மெதுவாக. "உங்க குரலு எனக்குத் தெரியும்."

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹரிங்க. பொள்ளாச்சிப் பக்கம். இந்த ஊருக்கு வந்து ஒரு வாரமாச்சு. உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தனுங்க. கதவத் தட்டக் கை வரல. படம் எடுக்கறவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன், உங்ககிட்டச் சொல்ல முடியலீங்க."

"அவரு என்மேல கோவப்பட்டாரா?"

"சிரிச்சாருங்க. 'கேட்டியாடா, எப்படி அதட்டறா பாரு'ன்னாரு. ரொம்பச் சந்தோசமா இருந்தாரு."

இளவேனில் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் தமிழு சின்னவன் பக்கம் திரும்பியிருந்தான். சத்தமில்லாத அந்தப் பேச்சு தொடங்கியிருந்தது.

"இது," என்று விரலை நீட்டினாள். "இப்ப என்ன சொல்றாரு?"

"அத மட்டும் படத்துல வைக்க விடலீங்க நான்." ஹரி அவளைத் தாண்டிப் பார்த்தான். நாலைந்து சீட் தள்ளி இருந்த ஆதிலட்சுமியைப் பார்த்ததும் அவன் குரல் இன்னும் இறங்கியது. "உங்ககிட்ட மட்டும்தான் சொல்லோணும்னாரு. அம்மாவுக்கு எந்தக் காலத்துலயும் தெரியக்கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ண மூடுனாரு."

"அத்தைக்குத் தெரியக்கூடாதா? ஏன்?"

"கேட்டா அம்மா தாங்க மாட்டாங்கன்னாருங்க. மிச்சம் இங்க வேண்டாங்க அண்ணி."

"வேனிலு!" இருட்டில் ஆதிலட்சுமியின் குரல். "அவன்தானா? என்னாடி சொல்றான்?"

இளவேனில் திரும்பினாள். பெட்டி வந்த நாளிலிருந்து தன்னைத் தூக்கி நிறுத்தின அந்த முகத்தைப் பார்த்தாள். மாமியாரிடம் இதுவரை எதையும் அவள் மறைத்ததில்லை.

"ஒண்ணுமில்ல அத்த," என்றாள். "படம் பாருங்க."

திரையில் தமிழுவின் மூச்சு கடைசியாக இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு வாரமாக ஒரு மூச்சையும் தவற விடாத ஆதிலட்சுமி இப்போது அந்தப் பக்கம் திரும்பவில்லை. மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.